கம்பத்தம்மாவுக்கு ஊசி

"ஊசி போட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"எத்தனை யூனிட் வெச்ச?"

"இன்னாக்கா, பரீட்சை வெக்கிறியா? பதினாலு. போட்டுட்டேன், சாப்டா, படுத்துட்டா. நீ அண்ணனைப் பாரு. கால் எப்படி கீது?"

"மாவுக்கட்டு போட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில பஸ் ஏறிடுவேன். காலையில ஆறு வெக்கணும், மத்தியானம் ஆறு. சோத்துக்கு முன்னால. மறந்துடாத சரோஜா."

"மறப்பனா? அவ எம் பொண்ணு மாதிரிக்கா."

ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் திரௌபதி போனை அணைத்தாள். சரக்கு இறக்கும்போது கால் முறிந்த புருஷன் கோபி உள்ளே படுத்திருந்தான். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் இருக்கும் தன் ஊரான அடி அண்ணாமலையில் மகளைப் பக்கத்து வீட்டு சரோஜாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு ராத்திரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சரோஜா சொன்னதில் 'படுத்துட்டா' என்பது மட்டும்தான் உண்மை. ஊசி போடவில்லை. மறுநாள் காலையிலும் போடவில்லை. காலையில் போனில் கேட்டபோதும் "ஆச்சு ஆச்சு" என்றுதான் சொன்னாள்.

மகள் மதிவதனிக்கு இருபது வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். பதினோரு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. அந்த ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஆகவே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"எனக்குந்தான் சுகரு. ரெண்டு மாத்திரை, காலையில வெந்தயத் தண்ணி. புள்ளைய ஏன் குத்திக் குத்திச் சல்லடை ஆக்கற?"

இது வேறு சர்க்கரை. இவள் உடம்பில் இன்சுலின் துளிகூடச் சுரக்காது. ஊசி ஒரு நாள் நின்றால் உயிர் நிற்காது. ஒன்பது வருஷமாகத் திரௌபதி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டி முடித்ததும், "இருந்தாலும் வெந்தயம் ஒரு தரம் குடுத்துப் பாரேன்" என்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அது திரௌபதி தன் கையால் செய்தது. சின்ன வயதில் மதி தயிர்ச்சோறு, அப்பளம் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். ஊசி போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவாள். பயந்துபோன திரௌபதி இரண்டு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாள்: கையில் குடுத்தா வாங்கணும், வாங்கினா மிச்சம் வைக்கக் கூடாது. மதி ஒரு விதியைக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். கற்றுக்கொண்டால் செத்தாலும் மீற மாட்டாள். யார் கொடுத்தாலும் வாங்கினாள், எதைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் தின்றாள்.

தினமும் விளக்கு போடும் நேரத்தில் மதி கிரிவலப் பாதையில் நடப்பாள். திரௌபதி பத்தடி பின்னால் போவாள். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். மதி கம்பத்தைத் தொடுவாள், நம்பரைச் சொல்வாள், அண்ணாந்து பார்ப்பாள், அடுத்த கம்பத்துக்குப் போவாள். மனுஷர் தொட்டால் அலறுகிற பெண்ணுக்குக் கம்பத்தைத் தொடுவதில் சந்தோஷம்.

அந்த விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன் வல்லரசு. வாரம் ஒரு தரம் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்று கேட்பான்.

"மேடம், ரிப்போர்ட்டு?"

"எழுபத்திமூணு எரியல. எண்பத்தொண்ணு மினுக்குது."

"அவ்ளோதானா?"

"தொண்ணூறுல பல்லி."

"பல்லியக் கழட்ட எனக்கு ஆர்டர் இல்ல மேடம்" என்று சொல்லி, நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வான். மதியிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிற ஆள் ஊரில் அவன் ஒருத்தன்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன சித்திரை வரைக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் மதிக்கு எதிரில் கை கூப்பி நின்றார்.

"தாயே, எம் பொண்ணுக்கு வரன் அமைய மாட்டேங்குது. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எழுபத்திமூணு எரியல" என்றாள் மதி.

அவர் ஊருக்குப் போய் எழுபத்திமூன்று அகல் ஏற்றினாராம். பத்தாம் நாள் வரன் வந்ததாம். அதை ஒரு வீடியோவாகப் போட்டார். அதிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி மதிக்குப் பின்னால் ஆள் நடக்க ஆரம்பித்தது. பேரும் வைத்தார்கள்: கம்பத்தம்மா.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று கல்லெறிந்திருப்பார்கள். திருவண்ணாமலையில் பேசாத ஆளைக் கண்டால் ஜனங்களுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். குப்பைத் தொட்டி ஓரம் ஒருவர் சும்மா உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் அவருக்கு எதிரில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கல்லைவிடப் பூ மேல்தான் என்று திரௌபதியும் முதலில் பொறுத்துப் போனாள். பூவோடு லட்டும் வந்தது.

"சுகர் இருக்குங்க, குடுக்காதீங்க" என்று கையைத் தட்டிவிட்டால், "பிரசாதம்மா, ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். தட்டிவிட்ட கையைப் பார்த்துத் திட்டுவார்கள்.

ஊர் அன்னதானக் குழுவுக்குத் தலைவர் ராஜமாணிக்கம். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் முறையில் திரௌபதிக்கு மாமா. ஆடியில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"பௌர்ணமிக்கு ரெண்டு மணி நேரம் நம்ம பந்தல்ல உக்கார வெச்சா போதும்மா. நம்ம பந்தலுக்கு ஒரு பேர் கிடைக்கும்."

"முடியாது மாமா."

"ஊருக்கே நல்லதும்மா திரௌபதி."

"அவளுக்கு?"

"அவளுக்கு என்ன? ராணி மாதிரி உக்காந்திருப்பா."

"யாராச்சும் தொட்டா கத்துவா."

"கத்தினா அருள் வந்துச்சுன்னு நினைச்சுப்பாங்க. அதுகூட..."

"காப்பி ஆறுது மாமா. குடிச்சுட்டுக் கிளம்புங்க."

அவர் கிளம்பினார். மறக்கவில்லை.

திரௌபதி ஓசூர் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரோஜா இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்துக்கொண்டு போனபோது, மதி வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அம்மா போடணும், அம்மா போடணும்" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். சரோஜா கெட்டவள் இல்லை. பந்தலுக்குப் பக்கத்திலேயே தேங்காய் கற்பூரக் கடை வைத்திருக்கிறாள், பகலில் எத்தனையோ நாள் மதியைப் பார்த்துக்கொண்டவள். ஊசி போடவும் திரௌபதி காட்டிக்கொடுத்திருந்தாள். ஆனால் அந்தக் கத்தலில் கை ஓடவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ராஜமாணிக்கம் சொன்னார்:

"ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆயிடாது. விடிஞ்சா பௌர்ணமி. சாமி வந்து இறங்கற உடம்பு. குத்தாத."

சரோஜா பேனாவைப் பிரிட்ஜில் வைத்தாள். திரௌபதியின் போன் வந்தபோது பயத்தில் ஒரு பொய் சொன்னாள். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவதும் சொன்னாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் திரௌபதி வந்த பஸ்ஸைச் செங்கம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பௌர்ணமிக்கு அதற்கு மேல் வண்டி விட மாட்டார்கள். ஜனத்தோடு ஜனமாகக் கிரிவலப் பாதையில் நடந்தாள். ஊர் நெருங்கும் இடத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள், பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ். முகாமில் இருந்த கிராம நர்ஸ் எழிலரசி, கால் வீங்கிய ஒரு பாட்டிக்குக் கட்டுப் போட்டபடியே கூப்பிட்டாள்.

"அக்கா! எங்க போயிட்டு வரீங்க? மதிய பந்தல்ல உக்கார வெக்க ஒத்துக்கினீங்களாமே?"

"யாரு ஒத்துக்கினது?"

எழிலரசியின் கை நின்றது. "காலையிலேர்ந்து மைக்குல சொல்லினே கீறாங்களேக்கா."

திரௌபதி ஓடினாள். நாற்பத்தெட்டு வயது உடம்பு, ஒரு கையில் பை, எதிரே அடைத்துக்கொண்டு நகரும் முதுகுகள். அந்த முதுகுகளுக்கு மேலே முதலில் தெரிந்தது பிளெக்ஸ் பேனர். மதியின் முகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே 'கம்பத்தம்மா அருளாசி'. அருகிலேயே ராஜமாணிக்கத்தின் முகம், கொஞ்சம் சின்னதாக.

பந்தலில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டது நகர நகரக் காதில் விழுந்தது.

"கண்ணே திறக்கலியே."

"தியானத்துல கீறாங்க."

"மூச்சப் பாரேன், எவ்ளோ ஆழமா இழுத்து விடறாங்க. நாமெல்லாம் காசு குடுத்து யோகா கிளாஸ் போறோம்."

"காலையில பாத்தப்போ ஆடினே இருந்தாங்களாம். இப்பதான் அமைதி ஆயிட்டாங்க."

"கிட்டப் போய்ப் பாரு. அம்மா மேலேர்ந்து பழ வாசனை வருது. சத்தியமா. செண்ட்டெல்லாம் இல்ல, உள்ளேர்ந்து வருது."

அந்த வாசனை திரௌபதிக்குத் தெரியும். மதிக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, வியாதி இன்னதென்று தெரிவதற்கு முந்தின நாள், அதே வாசனையை அவள் வாயில் முகர்ந்துவிட்டு, "என்னடி திருட்டுத்தனமா பழம் தின்னியா?" என்று கேட்டிருந்தாள். ரத்தம் விஷமாகிறபோது வருகிற வாசனை அது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிவப்புத் துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தில் மூன்று மாலை. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. மடியில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை, வழித்துத் தின்று காலியாக. காலடியில் அதுபோல ஆறோ ஏழோ.

"மதி. மதி, அம்மாடி."

மதி கண்ணைப் பாதி திறந்தாள். "தண்ணி" என்றாள். பிறகு, "மிச்சம் வெக்கல" என்றாள்.

திரௌபதி மாலைகளைப் பிடுங்கி எறிந்தாள். வரிசையில் ஒரு பெண் "ஐயோ, அபசாரம்!" என்றாள்.

"வாய மூடு! சரோஜா! ஏ சரோஜா!"

சரோஜா கடையிலிருந்து ஓடி வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஊசி போட்டியா?"

"அக்கா..."

"நேத்து ராத்திரி போட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இல்லக்கா."

"காலையில?"

சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். திரௌபதி அவளை அடிக்கவில்லை. அடிக்கக்கூட நேரம் இல்லை. ராஜமாணிக்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"திரௌபதிமா, பதட்டப்படாத. ஜனங்க பாக்கறாங்க. அது சமாதி நிலைம்மா..."

"அது மயக்கம். இவளுக்குப் பொங்கல் குடுத்தது யாரு?"

"பிரசாதம்மா. எல்லாருக்கும் குடுக்கறதுதான். அதனால யாருக்கும் எதுவும் ஆவாது."

"நீ எத்தனை தொன்னை தின்ன மாமா?"

"நானா?"

"நீதான். காலையிலேர்ந்து இங்கதான இருக்க. அண்டா உம் பக்கத்துலதான இருக்கு. எத்தனை தின்ன?"

"எனக்கு..." அவர் சுற்றிலும் பார்த்தார். "எனக்குச் சுகர்மா. நான் எப்படிச் சாப்பிட முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. அண்டாவில் கரண்டி வைத்திருந்த ஆள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒனக்குச் சுகரு. அவளுக்குப் பிரசாதம். நல்லா இருக்கு மாமா. ரொம்ப நல்லா இருக்கு. தூக்குங்க அவள!"

கம்பத்தில் ஏணி வைத்து ஏதோ செய்துகொண்டிருந்த வல்லரசு இறங்கி வந்துவிட்டான். "ஆம்புலன்சு இங்க வராதுக்கா, ஜனத்தப் பாத்தியா? முகாமுக்கு நாமதான் தூக்கினு போவணும். நாக்காலியோடயே தூக்கலாம். மேடம், தூக்கப் போறேன். கம்பத்தப் புடிச்சுக்கற மாதிரி கைப்பிடியப் புடிச்சுக்கோ."

"முகாம் பின்னால இருக்கேப்பா" என்றார் ராஜமாணிக்கம். "கிரிவலத்துல எதிர்த் திசையில போகக் கூடாதே."

"நீ இங்கயே நில்லு மாமா" என்றாள் திரௌபதி. "நேர் திசையிலயே நில்லு."

அவர் நிற்கவில்லை. நாற்காலியின் பின்கால் ஒன்றை வந்து பிடித்தார். அண்டாக்காரன் இன்னொன்றைப் பிடித்தான். முன்னால் வல்லரசும் சரோஜாவும். திரௌபதி எல்லோருக்கும் முன்னால் போனாள்.

எதிரே ஒரு சுவர் போல ஜனம். மலையைச் சுற்றி வருகிற லட்சம் பேரும் ஒரே பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"வழி விடுங்க! பொண்ணுக்கு முடியல, வழி விடுங்க!"

"ஏம்மா, எதிர்ல வரீங்க? கிரிவலத்துல எதிர்ல வரலாமா?"

"புள்ள சாவக் கிடக்குதுங்க!"

"எங்களுக்குந்தாம்மா முடியல. காலு கெஞ்சுது. ஓரமாப் போங்க."

"ஓரம் எங்கங்க இருக்கு? ஐயா, கொஞ்சம் நகருங்க!"

"தள்ளாதய்யா! பொம்பளைங்க வராங்க, கண்ணு தெரியல?"

பத்தடி போவதற்குள் நாற்காலி இரண்டு தரம் சாய்ந்தது. மதியின் தலை தோளில் விழுந்து விழுந்து நிமிர்ந்தது. அந்தப் பெரிய மூச்சு மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஓடி ஓடி இளைத்த நாயின் மூச்சு.

திரௌபதி நின்றாள். இந்த ஐந்து மாதமாக அவள் வாயால் ஒரு தரமும் சொல்லாத வார்த்தை அது. சொல்கிறவர்களை வாசலிலிருந்து விரட்டியிருக்கிறாள். இப்போது அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"சாமி வருது! கம்பத்தம்மா வருது! வழி விடுங்க! சாமி!"

ஜனம் பிளந்தது.

எங்கிருந்துதான் ஓரம் கிடைத்ததோ தெரியவில்லை. கெஞ்சுகிற கால்களெல்லாம் குதித்து ஒதுங்கின. "அரோகரா!" என்றது ஒரு குரல். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பூ வந்து விழுந்தது. கொஞ்சம் முன்னால் ஓரமாகப் போகச் சொன்ன அதே ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கை மதியின் காலைத் தொட நீண்டது. திரௌபதி அதை நகத்தால் கீறினாள்.

"சாமி! சாமி வருதுடா! நகருங்கடா! சாமி!"

அழுதுகொண்டே கத்தினாள். அவள் அழுவதைப் பார்த்துப் பக்தி என்று இரண்டு பேர் அழுதார்கள்.

முகாமில் எழிலரசி விரலில் குத்தி மெஷினில் வைத்தாள். நம்பர் வரவில்லை. மெஷின் காட்டக்கூடிய நம்பர்களைத் தாண்டிவிட்டது என்பதற்கான எழுத்துதான் வந்தது. "ஏத்து, ஏத்து!" என்று கத்திக்கொண்டே அவளும் ஆம்புலன்சில் ஏறினாள். வண்டி செங்கம் ரோட்டைப் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதி கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

திறந்தது திங்கட்கிழமை காலையில். கையில் செருகியிருந்த குழாயைப் பார்த்தாள். மேலே இருந்த விளக்குகளை எண்ணினாள். "ஏழு எரியல" என்றாள். திரௌபதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் ராஜமாணிக்கம் பழக்கூடையோடு வந்தார். பழத்தைப் பார்த்த திரௌபதியின் பார்வையைப் பார்த்துவிட்டு, கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்று பேசினார்கள். கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தபடி சரோஜா நின்றாள்.

"தப்பு நடந்து போச்சும்மா. குழுவுல பேசினோம். மதி பேர்ல ஒரு மண்டலம் கோயில்ல விளக்கு போடறதுன்னு..."

"விளக்கா? விளக்கு வல்லரசு போடுவான் மாமா. ஒனக்கு ஊசி போடத் தெரியுமா?"

"நானா?"

"நீதான். ஒம் பொண்டாட்டி. இவ. அண்டாவுல கரண்டி வெச்சுனு நின்னானே, அவன். அம்பதாயிரம் பேருக்குச் சோறாக்கிப் போடற ஊரு. ஒரு பொண்ணுக்கு ஊசி போட ஒரு ஆள் இல்ல. ஒரே ஒரு ஆள். புருஷன் காலு ஒடிஞ்சு கிடக்கறான்னு நான் ஒரு நாள் ஊருக்குப் போக முடியல. நான் பாத்திரக் கடையில நின்னாத்தான் வீட்ல ஒல கொதிக்கும். நாளைக்கு நான் செத்தா இன்னா பண்ணுவீங்க? மாலை போட்டு உக்கார வெப்பீங்களா?"

"அப்படிச் சொல்லாதம்மா."

"பின்ன எப்படிச் சொல்றது? கல்லெறிஞ்சிருந்தா நான் தடுத்திருப்பேன் மாமா. நீங்க கும்புட்டுக் கும்புட்டே கொல்லப் பாத்தீங்க. பொண்ணு சாவுதுன்னு கத்தினேன், ஒருத்தன் நகரல. சாமின்னதும் நகர்ந்தானுங்க. என் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்களே. த்தூ."

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் நின்று, சத்தம் போடாதீங்க என்று சொல்ல வாயெடுத்து, திரௌபதியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனாள்.

ராஜமாணிக்கம் கூடையைத் தரையில் வைத்தார். பிறகு, "யாரு சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

எழிலரசிதான் சொல்லிக்கொடுத்தாள். மதி வீட்டுக்கு வந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், பந்தல் போட்ட அதே இடத்தில், ஜமக்காளம் விரித்து. வருவார்கள் என்று திரௌபதி நம்பவில்லை. பதினொரு பேர் வந்தார்கள். வருவதற்கு முன்னாலேயே அவள் அந்தப் பிளெக்ஸைத் தன் கையால் கிழித்திறக்கி, ஒருவர் வீட்டு ஆட்டுக் கொட்டாய்க் கூரைக்குக் கொடுத்திருந்தாள். மழைக்கு ஒதுங்கும் ஆடுகளுக்கு இனி அருளாசி கிடைக்கும்.

எழிலரசி ஆளுக்கொரு சாத்துக்குடியும் பழைய ஊசியும் கொடுத்தாள். தண்ணீர் ஏற்றிக் குத்தச் சொன்னாள்.

"இது சுலபமாத்தான் இருக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

"சாத்துக்குடி அலறாது மாமா" என்றாள் திரௌபதி.

"ஏம்மா, எத்தனை நாளைக்குத்தான் என்னை இப்படிக் குத்துவ?"

"ஒனக்குப் பழகற வரைக்கும்."

வல்லரசு சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு சற்றுத் தள்ளி ஜமக்காள ஓரத்தில், யாரும் தொட முடியாத தூரத்தில் உட்கார்ந்திருந்த மதியைப் பார்த்துக் கேட்டான்.

"மேடம், ஊசி போடறவங்க எப்படிப் போடணும்? நீ சொல்லு. நாங்க எழுதிக்கிறோம்."

மதி பதில் சொல்லவில்லை. வல்லரசு காத்திருந்தான். எழிலரசி ஏதோ சொல்லப் போனாள், அவன் கையைக் காட்டி நிறுத்தினான். ஒரு லாரி போய், அதன் புழுதி அடங்கிய பிறகு மதி சொன்னாள்.

"சொல்லிட்டுத் தொடணும். தொட்டுட்டுச் சொல்லக் கூடாது."

"சரி."

"குத்திட்டுப் பத்து எண்ணணும். சத்தமா. ஏழுல எடுக்கக் கூடாது."

"சரி மேடம். வேற?"

"பாட்டு பாடக் கூடாது."

"எவன் பாடினான்?" என்றாள் திரௌபதி. மூன்றாவது வரிசையில் ராஜமாணிக்கத்தின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மதியின் சிறு வயதில் ஒரு தரம், பாவம், அவள் அழுகையை நிறுத்தப் பாடியிருக்கிறாள். மதி மறக்கவில்லை.

"பிரசாதம்?" என்று மெல்லக் கேட்டார் ராஜமாணிக்கம். "யாராவது கையில குடுத்தா?"

"வேணாம்" என்றாள் மதி. ஆஸ்பத்திரியில் நாலு நாளாகத் திரௌபதி கற்றுக்கொடுத்த புது விதி அது. ஒன்பது வருஷத்தை நாலு நாளில் அழிக்க முடியாது. அம்மா வைக்கும் இட்லியைப் பார்த்தும் சில நாள் 'வேணாம்' என்றாள். ஊசி போட்ட பிறகு அப்படிச் சொன்னால், ஒரு வாய் தின்னும்வரை திரௌபதி தட்டோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் சரோஜா போகவில்லை. அவள் சாத்துக்குடி வாங்கவில்லை. வரிசையிலும் உட்காரவில்லை. தன் கடைப் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இன்னா?" என்றாள் திரௌபதி.

"நான் போடட்டுமாக்கா? காலை ஊசி இன்னும் போடலியே."

அந்தப் பேனாவை இவள் கையில் கொடுப்பதா? அதற்குப் பதில் பழுக்கக் காய்ச்சின கம்பியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது திரௌபதிக்கு. ஆனால் பதினொரு பேரில் ஒன்பது பேர் மத்தியானம் ஊரில் இருக்க மாட்டார்கள். வயலுக்கோ, வேங்கிக்கால் ஆபீசுகளுக்கோ, டவுனுக்கோ போய்விடுவார்கள். ஒரு மணிக்கு இருபதடி தூரத்தில் இருக்கப்போகிறவள் இவள் ஒருத்திதான். அந்த நினைப்பே இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பேனாவை நீட்டினாள்.

சரோஜா மதியின் எதிரில் குந்தினாள்.

"நீ பொய் சொன்ன" என்றாள் மதி. அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சொன்னாள்.

"ஆமாண்டி கண்ணு. சொன்னேன்."

"போடலன்னா போடலன்னு சொல்லணும்."

"சொல்றேன். இனிமே அப்படியே சொல்றேன்." சரோஜாவுக்குக் கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை ஒழியவில்லை. "வயித்துல, வலது பக்கம் தொடப் போறேன். இப்ப தொடறேன்."

மதி கையை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கத்தத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தாள். கத்தவில்லை.

"ஆறு வெச்சிருக்கேன், பாருக்கா."

"சரி. போடு."

"ஒண்ணு" என்றாள் சரோஜா. "ரெண்டு. மூணு."

திரௌபதி எண்ணவில்லை. பேனாவின் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆறிலிருந்து இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பத்து வரை எண்ணி சரோஜா எடுத்தாள். மதி எழுந்து இட்லித் தட்டை நோக்கிப் போனாள்.

"எம்மேல இன்னும் கோவமாக்கா?"

"ஆமா."

"எப்ப தீரும்?"

"தெரியாது. தீராதோ இன்னாவோ." திரௌபதி பேனாவை வாங்கி மூடினாள். "நாளைக்கு நான் பாத்திரக் கடைக்குப் போறேன். ஒரு மணிக்கு ஒங்கடையச் சாத்திட்டு வா. போடலன்னா போடலன்னு போன் பண்ணு."